திரும்பி வந்த பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்தால் என்ன நடக்கிறது?

பதிவு 1 – தூரிகைமலர்

ரொம்ப நாளாக மனதில் கிடந்து உறுத்துகிற விஷயம், இங்கே கேட்டுவிடுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம் ஓவிய ஆசிரியை. பதினேழு வருடமாகப் பிள்ளைகளோடுதான் காலம் போகிறது. உக்ரைனிலிருந்து ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வந்த குழந்தைகளைப் பற்றி எங்கே செய்தி வந்தாலும் படித்துவிடுவேன். பெரும்பாலும் கடைசிப் பத்தியில் "இப்போது ஓவியத்தின் மூலம் தேறிவருகிறார்கள்" என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் படம் இருக்கும், அதோடு செய்தி முடிந்துவிடும். எனக்கு அந்த வரியில்தான் கேள்வியே தொடங்குகிறது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உக்ரைன் அரசு ஒவ்வொரு பெயராகக் கண்டறிந்து பட்டியலிட்ட குழந்தைகளே 19,500-க்கு மேல். 2025 கோடை வரை திரும்பியவர்கள் 1,500 பேரை ஒட்டித்தான். இதற்காகத்தான் 2023 மார்ச் 17 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதின் மீதும், அவருடைய குழந்தைகள் உரிமை ஆணையர் மரியா லவோவா-பெலோவா மீதும் கைது ஆணை பிறப்பித்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி போகவில்லை. சிலரை அனாதை இல்லத்தோடு மொத்தமாகப் பஸ்ஸில் ஏற்றினார்கள். சிலர் ரஷ்யா குண்டுபோட்டுப் பிடித்த மரியுபோல் நகரத்தில் பெற்றோரை இழந்து நின்றவர்கள். அப்போது ரஷ்யர்கள் பிடித்திருந்த கெர்சோன், கார்கிவ் மாகாணப் பகுதிகளில் "இரண்டு வாரம் கடற்கரை முகாம், குண்டுச் சத்தம் இல்லாமல் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்" என்று சொன்னதை நம்பி அம்மாக்களே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். 2022 நவம்பர் 11 அன்று கெர்சோன் நகரம் மறுபடி உக்ரைன் வசம் வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் 2014-லிருந்து ரஷ்யா பிடித்துவைத்திருக்கிற கிரிமியாவில், முகாமிலேயே மாட்டிக்கொண்டார்கள். இரண்டு வாரம் மாதக்கணக்கில் நீண்டது.

அங்கே என்ன நடந்தது என்று திரும்பியவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. காலையில் வரிசையில் நின்று ரஷ்யக் கீதம். "உன்னை வீட்டில் யாரும் தேடவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. அப்புறம், என்னை உலுக்கிய விஷயம் இதுதான்: ஆக்கிரமிப்புப் பகுதிப் பள்ளிகளில் ஓவியமும் பாடத்தின் ஒரு பகுதி. ரஷ்யப் படைவீரர்களுக்கு வாழ்த்து அட்டை வரை, மே 9 வெற்றி நாளுக்கு டாங்க் வரை, ரஷ்ய ராணுவப் பெருமையின் அடையாளமான ஆரஞ்சு-கறுப்பு ரிப்பன் வரை. சரியாக வரைந்தால் பாராட்டு. ஆக, அந்தப் பிள்ளையின் கையில் இருந்த பென்சிலையே ஒருமுறை கைப்பற்றிவிட்டார்கள். அதே பென்சிலை இந்தப் பக்கத்தில் நாம் மறுபடி கையில் கொடுத்து "வரைடா கண்ணு, ஆறிடும்" என்றால் அது எப்படி ஆறும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 – கதிர்_வார்சா

வணக்கம் டீச்சர். நான் வார்சாவில் ஆறு வருடமாக இருக்கிறேன், வேலை கம்ப்யூட்டரில். சனிக்கிழமைகளில் இங்கே உக்ரைன் குடும்பங்களுக்கான ஒரு சின்ன மையத்தில் உதவிக்குப் போவேன். எனக்கு ஓவியம் தெரியாது, மேசை போடுவது, தாள் வெட்டுவது, தண்ணீர் மாற்றுவது, இதுதான் என் வேலை. அதனால் பேசாமல் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன், கெர்சோன் மாகாணம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பன்னிரண்டு வயது. கிரிமியா முகாமில் மாதக்கணக்கில் இருந்தவன். அவனைக் கூட்டிவர அவன் அம்மா போன வழியை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. நேர்வழியில் சில மணி நேரப் பயணம், ஆனால் நடுவில் போர்முனை இருக்கிறதே! உக்ரைனிலிருந்து போலந்து, போலந்திலிருந்து பெலாரஸ், அங்கிருந்து மாஸ்கோ, மாஸ்கோவிலிருந்து தெற்கே கிரிமியா. மறுபடி திரும்பும் வழி. அந்த அம்மா முன்பின் வெளிநாடு போனதே இல்லையாம்.

பையன் முதல் நாள் வந்து உட்கார்ந்தான். எதிரில் கிரேயான் டப்பா திறந்தே இருக்கிறது. பத்து நிமிடம் தொடவில்லை. அப்புறம் மிக மெதுவாக ஆசிரியையிடம் கேட்டான்: "எந்த நிறம் எடுக்கலாம்?" அவர் உக்ரைன்காரர், வயதானவர், போருக்கு முன் கார்கிவில் பள்ளியில் இருந்தவர். "உனக்கு எது வேணுமோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க அவன் எதையும் எடுக்கவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து வரைந்தான். ஸ்கேல் வைத்து டாங்க். டாங்கின் மேல் வெள்ளையில் இஸட் எழுத்து, இந்தப் போரில் ரஷ்யப் படையின் அடையாளம். கீழே ஓரத்தில் ஆரஞ்சும் கறுப்புமாகக் கோடு கோடாக அந்த ரிப்பன். எனக்குக் கை நடுங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். அதே மேசையில் மரியுபோல் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அது படத்தைப் பார்த்தது, எழுந்து போய்விட்டது, அன்று திரும்பி வரவே இல்லை. நான் ஆசிரியையிடம் ஓடி "அந்தத் தாளை எடுத்துவிடலாமா" என்று கேட்டேன். "எடுக்கக் கூடாது" என்றார். அவனைத் திட்டவும் இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் இல்லை. "தாள் போதுமா, இன்னொன்று வேணுமா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு வேறு நேரம் ஒதுக்கிவிட்டார்.

இப்படியே ஏழெட்டு வாரம். டாங்க், டாங்க், டாங்க். ஒரு சனிக்கிழமை ரிப்பனை மட்டும் வரைந்தான், டாங்க் இல்லை. ஆனால் இந்தமுறை கோடுகளைப் படுக்கையாகப் போடாமல் நிறுத்திப் போட்டான். அகலமாகப் போட்டுக்கொண்டே போனான். அப்புறம் இரண்டு கை வைத்தான். கழுத்து வைத்தான். பின்னால் நம்பர் எழுதினான். ஷாக்தார் ஜெர்சி! கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், உக்ரைனின் ஷாக்தார் டொனெட்ஸ்க் அணியின் நிறமே ஆரஞ்சும் கறுப்பும்தான். 2014-லிருந்து போரால் சொந்த ஊரில் ஆட முடியாமல் ஊர் ஊராக அலைகிற அணி. 2022 இலையுதிர்காலத்தில் சாம்பியன்ஸ் லீக்கின் "சொந்த மைதான" ஆட்டங்களை இங்கே வார்சாவில்தான் ஆடினார்கள், ரியல் மாட்ரிட்டோடு 1-1 என்று முடிந்த ஆட்டம் உட்பட. பையன் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இது எங்க டீம்" என்றான். அவ்வளவு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

டீச்சர் கேட்டதற்கு இது பதிலா என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்தது இது.

பதிவு 3 – வெண்பா_கோவை

படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதிர், அந்த ஜெர்சிப் படத்தை இங்கே போட முடியுமா?

பதிவு 4 – கதிர்_வார்சா

என்னிடம் போட்டோ இல்லை. வரைந்தது அவன், அவனிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பதிவு 5 – மனத்துணை

கதிர் தம்பி, அந்த ஆசிரியை செய்தது அத்தனையும் சரி. நான் குழந்தைகள் காப்பகங்களில் ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன், போர்ப் பிள்ளைகள் இல்லை, ஆனால் பயந்த பிள்ளைகள். தூரிகைமலர் அக்காவின் கேள்விக்கு என் தொழில் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பயங்கரமான ஒன்று நடந்தால் அது கதையாக உள்ளே பதிவதில்லை. வாசனையாக, சத்தமாக, வயிற்றுப் பிசைவாகத் துண்டு துண்டாகப் பதிகிறது. "என்ன நடந்தது சொல்லு" என்றால் பிள்ளைக்கு வாய் வராது, அழுத்திக் கேட்டால் நாம் எதிர்பார்ப்பதை யூகித்துச் சொல்லும். முகாமிலிருந்து வந்த பிள்ளைக்கு இது இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் பெரியவர்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லிப் பிழைப்பதுதான் அங்கே அவர்கள் கற்ற முதல் பாடம். "எந்த நிறம் எடுக்கலாம்?" என்ற கேள்வியில் அது முழுக்க இருக்கிறது. அதனால் இந்தப் பிள்ளைகளிடம் என்ன வரைகிறார்கள் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். யாரையும் கேட்காமல் ஒரு நிறத்தை எடுக்கிறார்களா, அதுதான் முதலில். அது சிகிச்சையின் பாதி.

பொருளிலும் விஷயம் இருக்கிறது. எல்லோரும் எடுத்தவுடன் வாட்டர் கலர் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் வண்ணம் ஓடும், கலங்கும், நினைத்த இடத்தில் நிற்காது. வாழ்க்கையே கைமீறிப் போன பிள்ளைக்கு அதுவே பயமாகிவிடும். முதலில் பென்சில், கிரேயான், களிமண். அந்தப் பையன் ஸ்கேல் எடுத்ததைக் கவனியுங்கள், நேர்க்கோடு அவனுக்குக் கைப்பிடிச்சுவர் மாதிரி. ஜப்பானில் நகாய் ஹிஸாவோ என்ற மனநல மருத்துவர் தாளைக் கொடுப்பதற்கு முன் தன் கையாலேயே அதன் ஓரத்தில் நான்கு பக்கமும் ஒரு கட்டம் வரைந்து கொடுத்துவந்தார். வேலி மாதிரி. உள்ளே என்ன வந்தாலும் வெளியே வழிந்துவிடாது என்று பிள்ளைக்குத் தோன்றும். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், தாளையே தொடாத பிள்ளை கட்டத்துக்குள் புள்ளி வைத்தது.

கறுப்பு நிறம் எடுத்தால் உடனே பதறுகிறவர்கள் நிறையப் பேர். கறுப்பு வெறும் கறுப்பாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது வேறொன்று. 1976-ல் கலிஃபோர்னியாவில் சௌச்சில்லா என்ற ஊரில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகள் கடத்தப்பட்டார்கள். அவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த மருத்துவர் லெனோர் டெர். அடிபட்ட பிள்ளையின் விளையாட்டு ஒரே தடத்தில் சுற்றும், அதே நிகழ்ச்சி, அதே முடிவு, சந்தோஷமே இல்லாமல், என்று அவர் எழுதினார். படத்திலும் அப்படித்தான். டாங்க் வந்தது பிரச்சினை இல்லை, ஏழு வாரம் மாறாமல் வந்ததைத்தான் நான் கவனித்திருப்பேன். எட்டாவது வாரம் கோடு படுக்கையிலிருந்து எழுந்து நின்றதே, அதற்குத்தான் அந்த ஆசிரியை காத்திருந்தார்.

கெட்ட கனவுக்கும் இதே வழி உண்டு. நார்வேயில் பெர்கன் நகரத்தில் குழந்தைகளும் போரும் என்ற பொருள்படும் பெயரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது, அவர்களுடைய பயிற்சி முறையில் பிள்ளை கனவை வரையும், அப்புறம் தனக்குப் பிடித்த முடிவோடு அதையே மறுபடி வரையும். பிள்ளை தானே முடிவை மாற்ற வேண்டும். நாம் மாற்றிக் கொடுத்தால் வேலை செய்யாது.

பதிவு 6 – நிலவரசன்

எல்லாம் மனதைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். படம் வரைந்தால் தேறிவிடுவார்கள் என்ற பேச்சு எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தப் பிள்ளை இரண்டு வருடம் பள்ளிப்பாடம் இழந்திருக்கிறது. வீடு இடிந்திருக்கிறது. அப்பா போர்முனையில் இருக்கிறார், அல்லது உயிரோடு இல்லை. பெற்றோரில்லாத, காப்பாளரில்லாத உக்ரைன் குழந்தைகளுக்கு ரஷ்யக் குடியுரிமை கொடுப்பதை எளிதாக்கி 2022 மே 30 அன்று ஆணை போட்டார்கள். ரஷ்யாவில் தத்து எடுத்தால் பெயரையும் பிறந்த தேதியையும் பிறந்த ஊரையுமே சட்டப்படி மாற்ற முடியும். அப்படி மாறிப்போன குழந்தையைத் தேடுவது எப்படி? அங்கே பணமும் ஆளும் போக வேண்டும். கிரேயானுக்கு நன்கொடை கேட்டால் எல்லோரும் கொடுப்பார்கள், வழக்கறிஞருக்கும் பயணச் செலவுக்கும் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. திரும்பிய பிள்ளைகளை உட்காரவைத்து நீலம்-மஞ்சள் கொடி வரையச் சொல்வதையும் பார்க்கிறேன். அதுவும் பயிற்றுவிப்புதானே?

பதிவு 7 – வாவிக்கரை

நிலவரசன் சொல்வதில் நியாயம் இருக்குது. நான் மட்டக்களப்பு. எங்கட பக்கமும் பிள்ளை பிடித்த காலம் ஒன்று இருந்தது, பள்ளிக்குப் போன பிள்ளை வீடு திரும்பாது. அதை நான் இதோடு ஒப்பிட்டு எழுத வரவில்லை, ஒவ்வொரு ஊரின் காயமும் வேறு. ஆனால் படமும் களிமண்ணும் என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்லலாம்.

1996-ல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி பூங்கா என்று ஒன்று தொடங்கினார்கள். போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற ஓவியரும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் கூட்டிவருவார்கள். அந்த நாளில் அந்த இரண்டு ஊர்ப் பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவே பயந்த நேரம். பிள்ளைகள் சேற்றைப் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள், அதை நாடகமாக்கினார்கள். யாரும் அவர்களைப் பார்த்து "யுத்தத்தைக் கீறு" என்று சொல்லவில்லை. என் பெரியம்மா மகன் அங்கே போனவன். முதல் கொஞ்ச நாள் ஒன்றும் செய்யாமல் மரத்தடியில் குந்திக்கொண்டிருந்ததாகவும், ஒருவரும் "ஏன் சும்மா இருக்கிறாய்" என்று கேட்கவில்லை என்றும் இன்றைக்கும் சொல்லுவான். அந்தக் கேள்வி வராததுதான் அவனுக்கு ஞாபகம்.

வேலையும் வீடும் சட்டமும் வேணும், மெய்தான். ஆனால் அந்தப் பிள்ளை இரவில் படுக்கைக்குப் போகும்போது சட்டம் கூடப் போகாது.

பதிவு 8 – வழக்குரை

நிலவரசன், வாவிக்கரை அண்ணா, இருவருக்கும் நன்றி. சட்டப் பக்கம் ஒரு விஷயம் சேர்க்கிறேன், ஏனென்றால் ஓவியமும் சட்டமும் ஒரு இடத்தில் மோதுகின்றன.

1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கையில் இரண்டாம் பிரிவில், ஒரு குழுவின் குழந்தைகளை வலுக்கட்டாயமாக வேறு குழுவுக்கு மாற்றுவதும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இதை நிரூபிக்கப் பிள்ளைகளின் சாட்சியம் வேண்டும். பிள்ளைகளின் ஓவியத்தைச் சாட்சியமாக வைத்த முன்னுதாரணமும் இருக்கிறது. 2007-ல் சாட் நாட்டின் அகதி முகாம்களில் சூடானின் தார்ஃபூர் பகுதியிலிருந்து தப்பி வந்த குழந்தைகள் வரைந்த ஏறக்குறைய 500 படங்களை வேஜிங் பீஸ் என்ற பிரிட்டன் அமைப்பு சேகரித்தது. எரியும் குடிசை, மேலே விமானம், குதிரையில் துப்பாக்கியோடு ஆட்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவற்றைச் சூழலை விளக்கும் ஆதாரமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் பாருங்கள், மனத்துணை சொல்கிற அறையில், கட்டத்துக்குள் பிள்ளை புள்ளி வைக்கிற அந்த அறையில், நான் ஃபைலோடு போய் நின்றால் என்ன ஆகும்? அந்த அறை விசாரணை அறையாகிவிடும். அதனால் இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஐஸ்லாந்தில் 1998-ல் தொடங்கிய பார்னாஹுஸ் முறை என்று ஒன்று உண்டு, குழந்தை இல்லம் என்று அர்த்தம். வீடு போன்ற ஓர் இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் பிள்ளையோடு பேசுவார், போலீஸும் வழக்கறிஞரும் வேறு அறையிலிருந்து கேட்பார்கள், பதிவாகும். பிள்ளை அதே கதையைப் பத்துப் பேரிடம் பத்துத் தடவை சொல்ல வேண்டியதில்லை. உக்ரைனிலும் இந்த மையங்களைத் திறந்திருக்கிறார்கள். சாட்சியத்துக்கு அந்த அறை இருக்கட்டும், படத்துக்கு வேறு அறை.

பதிவு 9 – தூரிகைமலர்

எல்லோருடைய பதிவையும் இரண்டு முறை படித்தேன். நிலவரசன் கேட்ட கொடிக் கேள்வி என்னை நேற்று இரவு தூங்கவிடவில்லை, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்று ஒரு ஓவியர். பௌஹௌஸ் என்ற ஜெர்மன் கலைப்பள்ளியில் படித்தவர். 1942-ல் நாஜிகள் அவரை இன்றைய செக் நாட்டில் இருந்த தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோக அனுமதித்த சொற்ப மூட்டையில் பெரும்பகுதி வண்ணமும் தாளுமாக எடுத்துப் போனவர். அங்கே குழந்தைகள் இல்லத்தில் ஒளித்து ஒளித்து வகுப்பெடுத்தார். தாள் தீர்ந்தால் பழைய அலுவலகப் படிவங்களைக் கிழித்து ஒட்டவைத்தார். வகுப்பு எப்படி நடக்குமென்றால், "முகாமை வரை" என்று சொல்ல மாட்டார். ஒரு ஜாடியை வைப்பார், ஒரு தாளத்தைத் தட்டி அதைக் கோடாகப் போடச் சொல்வார், ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்வார். முகாம் நிர்வாகம் பிள்ளைகளை எண்ணாக வைத்திருந்தது. அவர் படத்தில் பெயரை எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவரையும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அதற்கு முன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்துவிட்டார். இன்று அவை செக் தலைநகர் பிராகாவின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவரிடம் பிராகாவில் படித்த எடித் கிரேமர் அமெரிக்கா போய் ஓவிய சிகிச்சையையே ஒரு துறையாக வளர்த்தவர்களில் ஒருவர். இன்று நாம் பேசுகிற இந்த முறைக்கு வேர் அங்கேயும் இருக்கிறது.

நிலவரசன் சொன்னாரே, தத்தெடுத்துப் பெயரை மாற்றிவிடுகிறார்கள் என்று. அந்தப் பிள்ளை வரைந்த படத்தின் மூலையில் எந்தப் பெயரை எழுதும்? எனக்கு அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

இந்தப் போரிலேயே மறுபக்கமும் ஒன்று நடந்தது. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் தூலா மாகாணம் யெஃப்ரெமோவ் என்ற ஊரில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி ஓவிய வகுப்பில் ஒரு படம் வரைந்தாள். அம்மாவும் பிள்ளையும் நிற்கிறார்கள், ரஷ்யப் பக்கமிருந்து ஏவுகணை வருகிறது, போர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். பள்ளியிலிருந்தே போலீஸுக்குப் போனது. அப்புறம் அப்பாவின் சமூக வலைப் பதிவுகளைத் தோண்டி, ராணுவத்தை இழிவுபடுத்தியதாக வழக்குப் போட்டு, 2023 மார்ச்சில் இரண்டு வருட சிறைத்தண்டனை விதித்தார்கள். அவளைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். ஒரு தாளுக்கு இவ்வளவு பயந்திருக்கிறார்கள்.

அதனால் நிலவரசனுக்கு என் பதில்: ஆமாம், "கொடியை வரை" என்று சொன்னால் அது தப்புதான். டாங்க் இருந்த இடத்தில் கொடியை வைத்துவிட்டால், பிள்ளைக்கு யாருக்கோ பிடித்ததை வரைகிற வேலை அப்படியே தொடர்கிறது. அது தானாகக் கொடியை வரைந்தால் வரையட்டும், ஜெர்சியை வரைந்தால் வரையட்டும்.

பதிவு 10 – வெண்பா_கோவை

ஆனால் அக்கா, மொழியையும் பாட்டையும் பெயரையும் பிடுங்கிக்கொண்ட பிறகு, அதைத் திருப்பித் தருவதில் ஓவியத்துக்குப் பங்கு இருக்கிறதே? உக்ரைனில் பெத்ரிகிவ்கா என்ற ஊர்ப் பாணி பூ ஓவியம் இருக்கிறது, 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பூனை முடியில் செய்த மெல்லிய தூரிகையில் இதழ் இழுப்பார்கள், பழக்கொத்தை விரல் நுனியில் வண்ணம் தொட்டுப் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். மோத்தாங்கா என்று முகமில்லாத துணிப் பொம்மை இருக்கிறது, ஊசியே படாமல் கட்டியே செய்வது. இதையெல்லாம் பாட்டிகள் சொல்லிக்கொடுக்கும்போது, "உன் ஊர் என்று ஒன்று இல்லை" என்று முகாமில் சொன்னதற்கு அதுவே பதில் இல்லையா? எனக்கு அதைப் பயிற்றுவிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் பாட்டி கோலம் சொல்லிக்கொடுத்ததை யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம்.

பதிவு 11 – மனத்துணை

வெண்பா, சொல்லிக்கொடுக்கலாம், தாராளமாக. மேசையில் வைக்கலாம். பிள்ளை வேண்டாம் என்று எழுந்து போகவும் வழி இருக்க வேண்டும். பாட்டியின் கோலத்தில் உனக்கு அந்த வழி இருந்தது, முகாமில் இல்லை.

யாரும் பேசாத ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தில் பிடித்தவர்களும் இருப்பார்கள். கூடுதலாக ஒரு ரொட்டித் துண்டு கொடுத்த சமையல்கார அம்மா, அதே அறையில் படுத்த சிநேகிதன், வளர்ப்புக் குடும்பத்தில் ஒரு நாய்க்குட்டி. அந்த நினைப்பைத் திரும்பி வந்த இடத்தில் வாயால் சொல்ல முடியாது. சொன்னால் துரோகம் மாதிரி ஆகிவிடும், அம்மா முகம் வாடிவிடும். அதனால் உள்ளேயே புதைக்கும், புதைத்தது வேறு வழியில் கோபமாக வரும். வாக்கியத்தில் "பிடிக்கும்", "பிடிக்காது" என்று ஏதாவது ஒன்றைத்தான் சொல்ல முடிகிறது. ஒரே தாளில் நாய்க்குட்டியையும் வரையலாம், பூட்டிய கதவையும் வரையலாம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், யாரும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. பேச்சால் முடியாததைப் படம் செய்கிறது என்று நான் நம்புவது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் உலகப் போரில் போலந்திலிருந்து ஜெர்மானியராக்கக் கொண்டுபோன பிள்ளைகளில் சிலர், போர் முடிந்து தேடி வந்தபோது போலிஷ் மொழியே மறந்திருந்தார்கள், வளர்த்தவர்களைப் பிரிய மாட்டோம் என்று அழுதார்கள். அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

பதிவு 12 – நிலவரசன்

மனத்துணை, இந்தக் கோணத்தை நான் யோசிக்கவே இல்லை. நான் சொன்ன பணம், சட்டம், பள்ளி எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அது முதலில் வேண்டும் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் கிரேயானுக்கு எதிராக அதை நிறுத்தியது தப்பு.

கண்காட்சி பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இந்தப் படங்களை வெளிநாடுகளில் மாட்டுகிறார்கள். உலகம் பார்த்தால்தான் மீதிப் பிள்ளைகள் திரும்புவார்கள் என்பது அவர்கள் வாதம். அதிலும் அர்த்தம் இருக்கிறது.

பதிவு 13 – வழக்குரை

அர்த்தம் இருக்கிறது. பிள்ளையும் பெற்றோரும் முழுசாகப் புரிந்து சம்மதித்தால் மாட்டலாம். பெயர், ஊர், முகம் வெளியே வரக் கூடாது, ஏனென்றால் உறவினர்கள் சிலர் இன்னும் ஆக்கிரமிப்புப் பகுதியில் இருப்பார்கள். நாளைக்கு "என் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

பதிவு 14 – தூரிகைமலர்

எனக்கு அது கூடப் போதாது வக்கீல் சார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன்னை மீட்டுக் கூட்டிவந்தவர்கள் கேட்டால் எப்படி மறுக்கும்? "சரி" என்றுதான் சொல்லும். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு? முதல் வருடம் எதையும் மாட்டவே கூடாது என்பேன். படம் முடிந்ததும் "இதை என்ன செய்யலாம், வீட்டுக்கா, அலமாரிக்கா, கிழிக்கவா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கிழிக்கிறேன் என்றால் கிழிக்க விட வேண்டும். ஆசிரியைக்கு அது வலிக்கும், எனக்கும் வலிக்கும், நல்ல படம் கிழிவதைப் பார்க்கச் சகிக்காது. ஆனாலும்.

பதிவு 15 – வாவிக்கரை

தங்கச்சி சொல்வது சரி. களிமண்ணில் செய்ததைப் பின்னேரம் திரும்பப் பிசைந்து உருட்டி வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். சந்தோஷமாகத்தான் போவார்கள்.

பதிவு 16 – கதிர்_வார்சா

மன்னிக்கவும், இரண்டு வாரம் வர முடியவில்லை.

வெண்பா கேட்ட விஷயம். போன சனிக்கிழமை அவனிடம் கேட்டேன், ஆசிரியையும் பக்கத்தில் இருந்தார். "எங்க ஊர்க்காரங்க சில பேர் உன் ஜெர்சிப் படத்தைப் பார்க்க ஆசைப்படுறாங்க, காட்டலாமா? வேண்டாம்னாலும் ஒண்ணும் இல்ல" என்றேன். கொஞ்சம் யோசித்தான். என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் ஆசிரியை முகத்தைப் பார்த்தான், நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"வேண்டாம்" என்றான்.

நான் சரி என்றேன். அவன் அலமாரிக்குப் போய்த் தன் படங்கள் இருந்த கட்டை எடுத்தான். டாங்க் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, ஜெர்சியை மட்டும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, கோட்டுக்குள் வைத்து ஜிப்பை மேலே வரை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதனால் இங்கே போட என்னிடம் படம் இல்லை.

பதிவு 17 – வெண்பா_கோவை

சரி கதிர். அவனிடம் நாங்கள் கேட்டோம் என்றும் சொல்லாதே.